தூண்டில் நூலின் வலிமை

ஹட்டனிலிருந்து டிக்கோயாவைக் கடந்து நோர்வூட் நோக்கிச் செல்வோர், வழியிலே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரைகளில் மூங்கிற் கழியும் கையுமாக அமர்ந்திருப்போரைக் காணாமற் போவதில்லை. அவர்களுட் சிலருக்கு அது பொழுதுபோக்கு. பலருக்கோ அன்றைய இரவுக் கறி. கொழுந்தெடுத்துக் கிடைக்கும் நாட்கூலியிலே அரிசியும் மாவும் வாங்கியபின் மீனுக்கென்று மிஞ்சுவது சொற்பம். ஆதலின், கரையருகே வந்த மீன் நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டால், அது வெறும் ஏமாற்றமன்று. ஒரு குடும்பத்தின் தட்டிலிருந்து ஒரு பங்கு குறைந்துபோகிறது. மீனுக்கும் அதனால் நன்மையில்லை. வாயிலே முள்ளும், முள்ளின் பின்னே நூலும் தொங்க, அது இரையெடுக்க இயலாது நலிவதும் உண்டு.

இவ்விழப்பிற்குப் பெரும்பாலும் காரணமாவது ஒன்றே. எந்த மீனுக்கு எவ்வளவு வலிமையுள்ள நூல் வேண்டும் என்பதை ஆராயாமல், கடையிலே கைக்குக் கிடைத்த தங்கூசியை வாங்கிக் கட்டிவிடுவதுதான் அது. அதைப்பற்றியே இன்று சிறிது விளக்க விரும்புகிறோம்.

முதலில் நம் நீர்நிலைகளையும் அவற்றில் வாழும் மீன்களையும் அறிந்துகொள்ளுதல் நலம். மலையகத்திலே இன்று தூண்டிலில் அகப்படும் மீன்களிற் பல, வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. குளிர்ந்த நீரோடைகளிலே விளையாட்டுக்காகத் தூண்டில் போட விரும்பிய ஆங்கிலேயத் தோட்டத்துரைமார், 1880களிலே டிரவுட் என்னும் மீனின் முட்டைகளைப் பிரித்தானியாவிலிருந்து நுவரெலியாவுக்கு வரவழைத்தனர். பின்னர் வந்த வானவில் டிரவுட் என்னும் இனம், ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளிலே தானாகவே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது. கெண்டை இனத்தைச் சேர்ந்த கார்ப் மீன் 1915ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தது. ஏழை மக்களின் உணவுக்கென 1952ஆம் ஆண்டிலே திலாப்பியா கொண்டுவரப்பட்டது. அது இன்று நாடெங்கிலும் நன்னீர் மீன்பிடியின் முதுகெலும்பாக விளங்குகிறது.

மீன்கள் வந்தபின் நீரும் பெருகிற்று. கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ அணை 1965ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுஸ்ஸாக்கலை அணை அறுபதுகளின் இறுதியில் முடிவுற்றது. இவ்விரு ஓயாக்களும் பின்னர் ஒன்றுசேர்ந்தே களனி கங்கையாகின்றன. மின்சாரத்துக்கென எழுந்த இவ்வணைகள், லயங்களுக்கு எதிரிலேயே பெரும் ஏரிகளைப் பரப்பிவிட்டன. அதுவரை சிற்றோடைகளிலே சிறுமீன் பிடித்தவர்களுக்கு ஆழ்ந்த நீரும் பெரிய மீனும் எட்டும் தூரத்தில் வந்தன. ஓடைக்குப் போதுமாயிருந்த நூல் ஏரிக்குப் போதாதாயிற்று.

இனி, நூலைக் கவனிப்போம். பண்டைக் காலத்தில் குதிரைவால் மயிரும், பட்டு நூலும், பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுத்த நரம்பும் தூண்டிலுக்குப் பயன்பட்டன. 1935ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டுபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே நைலோன் உருவானபின் இந்நிலை மாறிற்று. ஒற்றை இழையாக இழுக்கப்பட்ட நைலோனையே நாம் தங்கூசி என்று வழங்குகிறோம். அதன் பின்னர் இன்னும் இரண்டு வகைகள் வந்துள்ளன. ஒன்று, புளோரோகார்பன் என்னும் இழை. இது ஒளியை ஏறக்குறைய நீரைப்போலவே வளைப்பதால், நீருக்குள் மீனின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. மற்றொன்று, பொலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்த மெல்லிழைகள் பலவற்றைப் பின்னிய நூல். இது மிக மெல்லியதாயினும் மிக வலியது. ஆனால் நைலோனைப்போல நீண்டு கொடுக்காது. விலையையும் கருதினால், நம்மிற் பெரும்பாலோர்க்குத் தங்கூசியே ஏற்றது.

நூற்சுருளின் மேல் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று நூலின் தடிப்பு. அது மில்லிமீட்டரிற் சொல்லப்படும். மற்றொன்று, எவ்வளவு பாரத்தில் அந்நூல் அறும் என்பது. அது இறாத்தலிலோ கிலோவிலோ சொல்லப்படும். ஓர் இறாத்தல் ஏறக்குறைய 450 கிராம் என்று கொள்க. இவ்விரு எண்களுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. நூலின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே தடிப்பு இரு மடங்கானால் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். 0.20 மில்லிமீட்டர்த் தங்கூசி சுமார் 3 கிலோ தாங்குமெனில், 0.40 மில்லிமீட்டர் நூல் சுமார் 12 கிலோ தாங்கும். கண்ணுக்குச் சிறிதளவே தடித்துத் தோன்றும் நூல் வலிமையிற் பெரிதும் வேறுபடுவது இதனாலேயே.

‘3 கிலோ தாங்கும் நூலால் 3 கிலோ மீனைப் பிடிக்கலாம் அன்றோ?’ என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் விடை கூறலாம். நீருக்குள் இருக்கும் மீனுக்கு எடை ஏறக்குறைய இல்லை. நீரே அதைத் தாங்குகிறது. ஆகவே பொறுமையுள்ளவர், தாம் பிடிக்கும் மீனின் எடையிலும் குறைந்த வலிமையுள்ள நூலாலேயே அதைக் கரைசேர்த்துவிடலாம். ஆனால் நூலை அறுப்பது எடையன்று; வெட்டியிழுப்பே அதனை அறுக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 1 கிலோ எடையுள்ள மீன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். அதை 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் சட்டென்று நிறுத்த முயன்றால், நூலின்மேல் விழும் இழுவை சுமார் 4 கிலோ ஆகும். அதே மீனை அரை மீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல நிறுத்தினால், இழுவை சுமார் 400 கிராம் மட்டுமே. மீன் ஒன்றே, வேகமும் ஒன்றே. எனினும் இழுவை பத்து மடங்கு வேறுபடுகிறது. வளைந்து கொடுக்கும் கழியும், நீண்டு கொடுக்கும் நூலும், பதறாத கையும் செய்யும் வேலை இதுதான்.

சுழல்சில்லு பொருத்திய கழிக்கும் வெறும் மூங்கிற் கழிக்கும் உள்ள வேற்றுமையும் இங்கே விளங்கும். சில்லுள்ள கழியிலே, மீன் வலிந்து இழுக்கும்போது நூல் நழுவிச் செல்லும்படி ஓர் இறுக்கி அமைந்திருக்கிறது. அதனை நூலின் வலிமையில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையான இழுவைக்கு நழுவும்படி வைத்தல் வேண்டும். 6 கிலோ நூலாயின், ஒன்றரை முதல் 2 கிலோ இழுவையிலே நூல் நழுவத் தொடங்கவேண்டும்; நுனியை ஒரு வில்தராசிற் கட்டி இழுத்து இதனைச் சோதிக்கலாம். மூங்கிற் கழியிலோ நூல் நுனியிலே கட்டப்பட்டிருப்பதால் விட்டுக்கொடுக்க நூல் இல்லை. ஆகவே மூங்கிலில் மீன்பிடிப்போர், இனி நாம் கூறப்போகும் அளவுகளைவிட ஒரு படி வலிய நூலைக் கொள்ளுதல் நன்று. கழியின் நுனி மெல்லியதாய் வளையக்கூடியதாய் இருத்தலும் வேண்டும்.

இனி மீன் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிரவுட் கூரிய பார்வையுடையது. தெளிந்த நீரில் வாழ்வது. நம் ஓடைகளில் அது பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு உட்பட்டதே. தடித்த நூலைக் கண்டால் இரையைத் தொடாது விலகிவிடும். 2 முதல் 4 இறாத்தல் வலிமையும், 0.15 முதல் 0.18 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள நூல் அதற்குப் போதும். ஆனால் ஹோர்ட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. அங்கே தூண்டில் போட எண்ணுபவர், முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிதல் கடமையாகும்.

திலாப்பியாவே நம் கரைகளில் மிகுதியாக அகப்படுவது. கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள இம்மீனுக்கு, சில்லுள்ள கழியாயின் 4 முதல் 6 இறாத்தல் நூலும், மூங்கிற் கழியாயின் 8 இறாத்தல் நூலும் பொருந்தும். இது இரையை மெல்லத் தொட்டுப் பார்க்கும் இயல்புடையது. மிகத் தடித்த நூலிலே மிதப்பின் அசைவு சரியாகத் தெரியாது. மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போனபின்பே நாம் கழியை உயர்த்துவோம்.

கார்ப் மீன் வேறு வகையானது. அது 2 கிலோ, 5 கிலோ என்று வளரக்கூடியது. பாய்ந்து துள்ளாமல், தலையைத் தாழ்த்தி நெடுந்தூரம் கனத்து இழுக்கும். அன்றியும், அதன் முதுகுத் துடுப்பின் முன்முள் அரம்போற் பற்களுடையது. ஓடும்போது நூல் அதன்மேல் உராய்ந்தால், அறுக்கப்பட்டதுபோல் இற்றுவிடும். ஆகவே 10 முதல் 12 இறாத்தல் வலிமையும், சுமார் 0.30 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள நூலே இதற்கு வேண்டும். நீர்த்தேக்கங்களில் விடப்படும் ரோகு, கட்லா முதலிய இந்தியக் கெண்டைகளுக்கும் இதுவே தக்க அளவு.

மகாவலி போன்ற ஆறுகளிலே வாழும் மகசீர் என்னும் மலைக்கெண்டையைச் சிங்களத்தில் லேஹெல்லா என்பர். பாறைகளுக்கிடையே விரையும் வெள்ளத்தில் வாழும் இம்மீன், முள் பட்டவுடன் நீரோட்டத்தோடு பாயும். 15 முதல் 20 இறாத்தல் நூலின்றி இதனைத் தடுத்தல் அரிது. இது நம் நாட்டுக்கே உரிய பழைய செல்வமாதலின், பிடித்தாலும் ஈரக் கையாற் பற்றி மீண்டும் ஆற்றிலே விடுவதே பெருமை.

மலையை விட்டு இறங்கித் தாழ்நிலக் குளங்களுக்குச் செல்வோர் விராலைத் தேடுவர். விரால் பெரும்பாலும் ஒரு கிலோ அளவினதே. ஆயினும் 20 இறாத்தலுக்குக் குறையாத நூல் அதற்கு வேண்டும். ஏனெனில் அது தாமரைக்கொடிகளுக்கும் பாசிக்கும் நடுவே வாழ்வது. முள் பட்டதும் அது புதருக்குள் நுழைந்துவிடும். அங்கே நாம் இழுப்பது மீனை மட்டுமன்று. அதனைச் சுற்றிய கொடியையும் சேர்த்தேயாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நூலைத் தேர்வதில் மீனைப்போலவே இடமும் முக்கியமானது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் மறைந்தது. கோடைக்காலத்தில் நீர்மட்டம் தாழும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தலைகாட்டுகின்றன. நீர் நிறைந்திருக்கும்போதும் அச்சுவர்களும் கற்களும் அங்கேயே இருக்கின்றன. மீன் நூலை இழுத்துக்கொண்டு அவற்றினருகே ஓடினால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இத்தகைய இடங்களிலே, வழக்கமான அளவிலும் ஒரு படி தடித்த நூலே நமக்குத் துணை.

இனி, நல்ல நூலையும் கெடுப்பவை சில உள. முதலாவது முடிச்சு. சாதாரணமான ஒற்றை முடிச்சு நூலின் வலிமையை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். நூலை முள்ளின் காதிலே கோத்து, நூலின்மேலேயே ஐந்தாறு முறை சுற்றி, காதினருகேயுள்ள கண்ணியினூடே நுனியை மீட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குவதே நல்ல முடிச்சு. நனைக்காமல் இறுக்கினால், உராய்வின் சூட்டிலே நைலோன் இளகிக் கெடும். இரண்டாவது நீர். நைலோன் நீரை உறிஞ்சி, வலிமையில் பத்திலொரு பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ இழக்கும். மூன்றாவது வெயில். லயத்தின் முன்வாயிலில் மாதக்கணக்காகத் தொங்கும் தூண்டில், பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் உள்ளே நலிந்திருக்கும். நான்காவது கீறல். நுனியிலுள்ள ஒரு முழ நூலை விரல்களுக்கிடையே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாய் இருந்தால், அம்முழத்தை வெட்டிவிட்டு முள்ளை மீண்டும் கட்டுங்கள். ஒரு முழ நூலின் விலை ஒரு மீனின் விலையாகாது.

‘அப்படியாயின் எப்போதும் மிக வலிய நூலையே கட்டிவிடலாமே’ என்பது அடுத்த ஐயம். அதுவும் தவறே. தடித்த நூல் மீனின் கண்ணுக்குத் தெரியும். சிறு முள்ளோடு இசையாது. எறிந்தால் தூரம் செல்லாது. அன்றியும் அடியிலே முள் சிக்கிக்கொண்டால் நூல் அறாமல் கழி முறியும். இதற்கு அனுபவமுடையோர் ஓர் உபாயம் செய்வர். கழியிலிருந்து வரும் நெடு நூலை வலியதாக வைத்து, முள்ளைக் கட்டும் ஒன்றரை அடித் துண்டை மட்டும் ஒரு படி மெல்லியதாக வைப்பர். சிக்கினால் அத்துண்டு மட்டுமே அறும். மிதப்பும் நெடு நூலும் மிஞ்சும். மீன் அறுத்துச் சென்றாலும், பல முழ நூலை அது சுமந்து திரியவேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. பட்டு நூல் மண்ணிலே மக்கிவிடும். தங்கூசியோ எளிதில் மக்குவதில்லை. கரையிலே எறிந்த சிக்கல் நூல், கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் சிறகிலும் சுற்றிக்கொண்டு அவற்றின் உயிரையே வாங்கும்; வெறுங்காலுடன் வரும் குழந்தையின் பாதத்தையும் அறுக்கும். அறுந்த நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவது பெரிய வேலையன்று.

மீனையும், இடத்தையும், கையிலுள்ள கழியையும் எண்ணி நூலைத் தேருங்கள். முடிச்சை நனைத்து இறுக்குங்கள். மீன் ஓடும்போது சற்றே விட்டுக்கொடுங்கள். இவை கைவந்தால், சில ரூபாய் நூலே பெரிய மீனையும் கரைசேர்க்கும்.