நெய்வேலியில் சோவியத் கால்தடம்

1957 நவம்பரில் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்கு 50 கோடி ரூபிள் கடன் தர ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு பங்கு நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு வந்தது. 1962-ல் அதன் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. இதை வெறும் நட்பு என்பது பாதி உண்மை. வளர்ந்துவரும் ஒரு வல்லரசு ஆசியாவில் காலூன்ற விரும்பியது என்பதே மீதி. ஆனாலும் செல்வாக்கு நுழைந்தால் சுதந்திரம் பறிபோகும் என்ற வாதம் இங்கே நிற்காது. டர்பைன் சோவியத் நாட்டுடையது. பக்கத்துச் சுரங்கத்தில் கடினமான மேல்மண்ணைச் சுரண்டியதோ, சக்கரத்தைச் சுற்றி வாளிகள் கோத்த மேற்கு ஜெர்மனியின் ராட்சத இயந்திரம். பனிப்போரின் இரு முகாம்களும் ஒரே பழுப்பு நிலக்கரிக்காக உழைத்தன.

கடன் என்றைக்கும் கடன்தானே, இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பாருங்கள் என்பார்கள். நியாயமான கேள்வி, 2017-ல் அந்தத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. ஆனால் அதன் முதல் கட்டக் கடன் 6.3 சதவீத வட்டியில், டாலரில் வாங்கியது. சோவியத் கடனுக்கு வட்டி 2.5 சதவீதம், ரூபாயாகவே திருப்பிக் கட்டலாம், அந்த ரூபாய்க்கு அவர்கள் நம் சரக்கையே வாங்கினார்கள். உதிரிபாகத்துக்கு மாஸ்கோவை நம்பியிருந்தது உண்மைதான். ஆனால் மின்சாரத்துக்குச் சென்னை மாநிலத்தில் தேவை காத்திருந்தது. அம்பாந்தோட்டையிலோ கப்பல்கள் போதிய அளவு வரவில்லை. அந்த நெய்வேலி நிலையம் 2020 வரை மின்சாரம் தந்தது.