ஒரே பாறையில் தவமும் பரிகாசமும்

மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் கருங்கற்பாறையின் முகப்பில் செதுக்கிய ‘அர்ஜுனன் தபசு’, ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு விரிந்து, தேவர், முனிவர், நாகர், வேடர், விலங்குகள் என நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களைத் தாங்கி நிற்கும் பெரும் புடைப்புச் சிற்பமாகும்; அதாவது, உருவங்கள் பின்னணிக் கல்லிலிருந்து பிரியாமல், அதிலிருந்தே புடைத்து எழும் வகையைச் சேர்ந்தது. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவைச் சிற்பிகள் குறையாகக் கருதி மறைக்கவில்லை. அதையே ஆறாக்கி, அதனுள் நாகனையும் நாகினியையும் கைகூப்பி மேலேறுபவர்களாக வடித்தார்கள். பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளங்கள் உள்ளமையால், விழாக்காலங்களில் பிளவின் வழியே உண்மையாகவே நீர் வழிந்தோடியிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பிளவின் இடப்புறத்தில், விலா எலும்புகள் தெரிய, ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கிறான் ஒருவன். அவனருகே பூதகணங்கள் சூழ நிற்கும் சிவபெருமானின் நான்கு கைகளில் ஒன்று வரமளிக்கும் குறிப்பில் தாழ்ந்துள்ளது. பாசுபதப் படைக்கலம் வேண்டிய அர்ஜுனன் இவன் என்பது ஒரு கருத்து. சாம்பலான முன்னோர் நற்கதி பெறக் கங்கையை மண்ணுக்கு வரவழைத்த பகீரதன் என்பது மற்றொன்று. இவ்வூரிலுள்ள கணேச ரதத்தின் கல்வெட்டுச் செய்யுள்கள் சிவனுக்கும் அரசனுக்கும் ஒருங்கே பொருந்துமாறு சிலேடையாக, அதாவது இருபொருள் தரும் சொற்களால், இயற்றப்பட்டிருப்பதை நோக்கினால், பல்லவர் அவையின் சுவைக்கு ஓர் உருவம் இரு கதைகளைச் சொல்வது அயலானதாக இருந்திராது. இரண்டில் எதைக் கொண்டாலும், உடலை உருக்கும் ஏக்கமே அவ்வுருவத்தின் உயிர்.

அந்த ஏக்கத்துக்கு எதிரே, வலப்புறத்துப் பெரிய யானையின் அருகில், ஒரு பூனையும் அதே கோலத்தில் நிற்கிறது. பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றித் திரிகின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், துரியோதனன் உலூகன் வழியாகத் தருமனுக்கு அனுப்பும் ஏளனச் செய்தியில் இத்தகைய பூனையின் கதை வருகிறது. கங்கைக் கரையில் தவவேடம் பூண்ட அப்பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புக, நாளடைவில் எலிகள் குறைந்தன, பூனை கொழுத்தது. தமிழர் ‘ருத்திராட்சப் பூனை’ என்று பழிக்கும் போலித் துறவி இதுவே. சிற்பத்தின் மிகத் துணிவான இடம் இதுதான் எனலாம். ஏனெனில், புனிதமான தவக்கோலத்தையே சிற்பி நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டபோதும், மெய்த்தவத்தின் மதிப்பு குறையவில்லை, போலியை அருகில் கண்டபின் அதன் கடுமை இன்னும் தெளிவாகவே புலப்படுகிறது.

வேண்டுவோரும் வேண்டுவதுபோல் நடிப்போரும் இவ்வாறிருக்க, எதையும் வேண்டாத உயிர்களிடம் சிற்பியின் அன்பு தனியாகத் தெரிகிறது. ஏறக்குறைய உயிரளவில் அமைந்த யானையின் காலடியில் கன்றுகள் ஒதுங்கியுள்ளன. ஒரு மான் பின்னங்காலை உயர்த்தித் தன் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. ஆற்றங்கரையில் நீராடி முடித்த ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார், இன்னொருவர் குடத்தைத் தோளில் சுமக்கிறார். இவ்வூரில் தனிக்கல்லில் வடிக்கப்பட்ட குரங்குக் குடும்பமும் இந்த உற்றுநோக்கலுக்குச் சான்றாகும். ஒன்றுக்கு மற்றொன்று பேன் பார்க்கும் அக்குரங்குகளுக்குப் புராணக் கதையின் துணை எதுவும் தேவைப்படவில்லை, ஆயினும் இறைவனுக்குச் செலவிட்ட அதே பொறுமையைப் பல்லவ உளி அவற்றுக்கும் செலவிட்டிருக்கிறது.