ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு புராஸ்டேட் அறுவை செய்யலாமா?

வடமாலபேட்டை, புத்தூர், நகரி பக்கத்துப் பெரியவர்கள் பலரிடம் இரண்டு மருத்துவ ஃபைல்கள் இருக்கும். நெஞ்சுவலிக்கு 1993 முதல் இயங்கும் திருப்பதி ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி, வேறு தொல்லைக்கு வேலூர் சி.எம்.சி. அல்லது சென்னை என்று போய்வருவது இங்கே சகஜம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு புராஸ்டேட் வீக்கமும் வந்துவிட்டால், ஒரு ஃபைலில் இருப்பது இன்னொரு ஊர் மருத்துவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

எப்போது அறுவை?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி புராஸ்டேட். வயதாக ஆக அது பெருத்துக் குழாயை நெருக்குகிறது. இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கும். முக்கினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளிலேயே பலருக்குக் குணம் தெரியும். மாத்திரைக்குக் கட்டுப்படாமல் நீர் அடைத்துக்கொண்டாலோ, அடிக்கடி கிருமித்தொற்று வந்தாலோ, சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ அறுவை தேவைப்படும்.

பழைய முறையில் என்ன சிக்கல்?

டி.யு.ஆர்.பி. என்ற வழக்கமான முறையில், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சுரப்பியைத் துண்டு துண்டாகச் சீவி எடுக்கிறார்கள். புராஸ்டேட்டில் ரத்த ஓட்டம் அதிகம். சீவச் சீவ ரத்தக்குழாய்கள் திறந்துகொள்ளும். அதனால் குளோபிடோக்ரெல், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. புதிதாக வைத்த ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். திருவனந்தபுரத்தில் உருவாகி 1990இல் முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வுகள் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். விட்டால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். ரத்தப்போக்கு, ரத்த உறைவு என்ற இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில், மாதக்கணக்கில் டியூபும் யூரின் பையுமாகக் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் லேசர் உதவுகிறது.

லேசர் என்ன செய்கிறது?

ஹோல்மியம் லேசரின் சக்தியைத் திசுவில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. அது அரை மில்லிமீட்டர்கூட ஆழம் போகாது. வெட்டும்போதே சிறு ரத்தக்குழாய்களை மூடிவிடும். கமலா ஆரஞ்சின் தோலை விட்டுச் சுளையை மட்டும் எடுப்பதுபோல, பெருத்த பகுதியை உறையிலிருந்து பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கே பொடியாக்கி வெளியே எடுக்கிறார்கள். நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. சுரப்பி மிகப் பெரிதாக இருந்தாலும் செய்யலாம். எடுத்த சதையைப் பரிசோதனைக்கும் அனுப்பலாம். துலியம் லேசரிலும் இப்படிச் செய்கிறார்கள்.

பச்சை ஒளி லேசர் வேறு விதம். அதன் ஒளியை ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் திசு ஆவியாகிவிடும்; பரிசோதனைக்குச் சதை கிடைக்காது. மாத்திரையை நிறுத்தாமலே இந்த லேசர் சிகிச்சை பெற்ற 116 பேரின் அனுபவத்தை 2007இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டிவரவில்லை. ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு இந்த மூன்று லேசர் முறைகளையும் பரிசீலிக்கலாம் என்கிறது அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் வழிகாட்டுதல்.

ரத்தமே வராதா?

வரும். மாத்திரை தொடர்ந்தால் சிறுநீர் கூடுதல் நாட்கள் சிவப்பாக இருக்கலாம்; டியூபை எடுக்கத் தாமதமாகலாம். ஒன்றிரண்டு வாரம் கழித்தும் கசிவு வருவதுண்டு. அந்த அபாயம் நீங்கும்வரை முக்குவது, பளு தூக்குவது, பைக் ஓட்டுவது கூடாது. கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ நீர் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பின் பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மாத்திரைப் பட்டையைப் பாருங்கள்

எக்கோஸ்ப்ரின் கோல்டு போன்ற கேப்ஸ்யூல்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் மருந்து என மூன்றும் ஒன்றாக இருக்கும். "குளோபிடோக்ரெல்லை மட்டும் நிறுத்துங்கள்" என்று மருத்துவர் சொன்னதும் கேப்ஸ்யூலையே விட்டுவிட்டால், தொடர வேண்டிய ஆஸ்பிரினும் நின்றுபோகும். அப்போது ஆஸ்பிரினைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு. அறுவைக்குப் போகும்போது இதய ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் அல்லது வால்வு அட்டை, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இதய மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் கலந்துபேசி முடிவெடுக்கட்டும். எந்த மாத்திரையை நிறுத்துவது, எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கும் வரை ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக விடாதீர்கள்.