கண்ணாடிப் பூக்கூடை

கண்ணாடி எளிதில் உடையும் இயல்பினது. அத்தகைய கண்ணாடியைக் கொண்டே உடலமைத்து, ஆழ்கடலின் இருளில் நிலைபெற்று வாழும் உயிர் ஒன்று உண்டு. மேனாட்டார் அதனை ‘வீனசின் பூக்கூடை’ என்பர். வீனசு என்பது பண்டை உரோமர் வழிபட்ட காதல் தெய்வத்தின் பெயராகும். கடற்பஞ்சு இனத்தைச் சார்ந்த இவ்வுயிர், பிலிப்பைன் தீவுகளை அடுத்த கடலில் 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வாழ்கின்றது.

கடற்பஞ்சு செடியோ, விலங்கோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. வேரூன்றியதுபோல் அஃது ஓரிடத்தே நிற்கும். வயிறு, நரம்பு, குருதி ஆகிய எவையும் அதற்கு இல்லை. ஆதலின் பலர் அதனைச் செடியெனவே கருதினர். 1825-ஆம் ஆண்டளவில் இராபர்ட் கிராண்ட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், உயிருள்ள கடற்பஞ்சினை நுண்ணோக்கியின் வழியே நோக்கினார். அதன் துளையினின்று நீர் இடையறாது வெளிப்பட்டது. நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பொருள்களை உண்டு, எஞ்சிய நீரை வெளிவிடும் உயிரை விலங்கென்பதே பொருத்தமன்றோ? நாளடைவில் அறிஞர் அனைவரும் அதனை ஏற்றனர்.

கடற்பஞ்சுகள் அனைத்தும் ‘துளையுடலிகள்’ என்னும் தொகுதியில் அடங்கும். அவற்றின் எலும்புக்கூடு எதனால் ஆயது என்பது, அவற்றை வகைப்படுத்த உதவும் முதன்மையான அடையாளங்களுள் ஒன்று. சுண்ணாம்பு முட்களை உடையவை ஒரு வகுப்பு. குளிக்கப் பயன்படும் மெல்லிய பஞ்சுகளை உள்ளிட்ட பெருங்கூட்டம் மற்றொரு வகுப்பு. அக்கூட்டத்தில் முன்னர்ச் சேர்க்கப்பட்டிருந்த சில பஞ்சுகள், அண்மைக் காலத்தில் தனி வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. மூன்று அச்சுகள் செங்குத்தாக வெட்டிக்கொள்வதால் ஆறு கதிர்களாக விரியும் சிலிக்கா முட்களை உடையவை கண்ணாடிப் பஞ்சுகள். பூக்கூடை இவ்வகுப்பினது. 1841-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு ‘யூப்ளெக்டெல்லா ஆஸ்பெர்ஜில்லம்’ எனப் பெயரிட்டார். ‘நன்கு பின்னப்பட்டது’ என்பது முதற்சொல்லின் கருத்தாகும்.

அப்பெயர் இதற்கு மிகவும் ஏற்றது. சற்றே வளைந்த குழாய் போன்ற இதன் உடலில், நெடுக்கிலும் குறுக்கிலும் கண்ணாடி இழைகள் ஓடிச் சிறுசிறு சதுரங்களை ஆக்குகின்றன. சாய்வாகச் செல்லும் இழைகள் இருபுறமும் இரட்டை இரட்டையாக அவற்றைக் கடந்து, சதுரங்களுக்கு வலிவு தருகின்றன. குழாயின் மேல்வாயைச் சல்லடை போன்ற மூடி ஒன்று காக்கின்றது. அடியிலுள்ள மயிரிழை போன்ற நீண்ட முட்கள் சேற்றிற் புதைந்து, நங்கூரம்போல் உடலை நிறுத்துகின்றன. சுவரின் துளைகள் வழியே புகும் நீர், மெல்லிய உயிர்த்தசையிலுள்ள அறைகளிற் சென்று உணவை அளித்துவிட்டு, நடுக்குழாயை அடைந்து மேல்வாயால் வெளியேறும்.

கண்ணாடியாலாய இவ்வுடல் உடையாதிருப்பது எங்ஙனம்? 2005-ஆம் ஆண்டில் ஐசன்பெர்க் முதலிய ஆராய்ச்சியாளர் இதன் அமைப்பை விளக்கினர். ஒவ்வோர் இழையும் வெங்காயத்தின் தோல்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. அடுக்குகளின் இடையே உயிர்ப்பொருளாலாய மெல்லிய படலம் உண்டு. ஓரடுக்கில் தோன்றும் விரிசல் அப்படலத்தை அடைந்ததும் தடைப்படுகின்றது. மனிதன் மணலை உருக்கிக் கண்ணாடி செய்யப் பெருவெப்பம் வேண்டும். இவ்வுயிரோ, நீரிற் கரைந்துள்ள சிலிக்காவைக் கொண்டு குளிர்ந்த கடலிலேயே அதனைச் செய்துகொள்கின்றது!

இக்கூடை பிறர்க்கும் இல்லமாகின்றது. சிறிய இறால்கள் இளமையில் துளைவழியே உட்புகுந்து, ஆணும் பெண்ணுமாக இணைந்து வாழ்கின்றன. உடல் வளர்ந்தபின் அவை வெளியேற இயலா. நீரோடு வரும் உணவே அவற்றிற்குப் போதும். அவற்றின் குஞ்சுகள் மட்டும் துளைவழியே வெளியேறி, வேறு கூடைகளை நாடும். இதுபற்றியே ஜப்பானியர் இப்பஞ்சிற்கு ‘ஒருங்கே மூத்து ஒரே குழியில் அடங்குதல்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். மணமக்களுக்குப் பரிசாகவும் இதனை வழங்கினர்.

ஓரிழையை மட்டும் நோக்கின் அது மெல்லியது. பல இழைகள் முறையாகக் கூடிய வழியோ, அவை அலைகடலின் அடியிலும் தளராத வீடாகின்றன. பொருளின் வலிமை அதன் தன்மையில் மட்டுமன்றி, அஃது அமைந்த முறையிலும் உள்ளது என்பதை இச்சிற்றுயிர் நமக்கு உணர்த்துகின்றது.