தாத்தாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி... உப்புத்தாளை எடுக்கும் முன் இதைப் படிங்க!

நீலகிரியின் எமரால்டு, அவலாஞ்சி பகுதியில் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டினால் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் தொடங்கிவிடும். இன்று சுற்றுலாப் பயணிகள் கேமராவோடு போகும் இந்த மலைகளில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு துரைமார்கள் துப்பாக்கியோடு அலைந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பழைய துப்பாக்கி, தாத்தாவிடமிருந்து பேரன் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழலில் துரு, கட்டையில் விரிசல், விசை அசைய மறுக்கிறது. ‘கொஞ்சம் தேய்த்து எண்ணெய் போட்டால் சரியாகிவிடும்’ என்று தோன்றும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

ஒன்றில் இரண்டு

சோலைக்குள் போகும் வேட்டைக்காரருக்கு முன்னால் காட்டுக்கோழி பறக்குமா, கடமான் வந்து நிற்குமா என்று தெரியாது. பறவைக்குச் சிறு ரவைகளைச் சிதறடிக்கும் வழவழப்பான குழல் வேண்டும். பெரிய விலங்குக்கு ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும், உள்ளே சுருள் வரிகள் வெட்டிய ரைஃபிள் குழல் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டையில் பொருத்தியதுதான் ‘காம்பினேஷன் கன்’. இரண்டு குழல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ‘கேப் கன்’ என்பார்கள். ஜெர்மானியர்கள் மூன்று குழல் வைத்துச் செய்தது ‘டிரில்லிங்’.

இதே தேவைக்கு இன்னொரு வழியைக் கண்டுபிடித்தவர், பிரிட்டிஷ் இந்தியாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி ஜார்ஜ் வின்சென்ட் ஃபோஸ்பெரி. குழலின் வாய்ப்பகுதியில் மட்டும் சுருள் வரிகள் வெட்டி, ஒரே குழலிலேயே ரவையும் குண்டும் சுடலாம் என்ற அவருடைய யோசனைக்கு 1885-ல் காப்புரிமை கிடைத்தது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் இதை ‘பாரடாக்ஸ்’ என்ற பெயரில் தயாரித்தது. இந்தியாவில் வேட்டையாடிய ஆங்கிலேயர்களிடம் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது.

வேட்டை பெருகியதால் விலங்குகள் குறைந்தன. நீலகிரியில் 1877-ல் வேட்டை விலங்குகளுக்கான பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1879-ல் தனிச் சட்டமே வந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தத் துப்பாக்கிகளின் வேட்டைக் காலம் முடிந்துபோனது. மிஞ்சியிருப்பது வரலாறு மட்டுமே.

குழலில் இருக்கும் ‘ஜாதகம்’

அந்த வரலாற்றைத் துப்பாக்கியிலேயே படிக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது பெயர். ஆனால், பொறித்திருக்கும் பெயர் தயாரித்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கடிகாரங்களுக்குப் பெயர்போன சென்னை மவுன்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் போன்ற கடைகளும் தங்கள் பெயர் பொறித்த துப்பாக்கிகளை விற்றிருக்கின்றன.

அடுத்தது, சோதனை முத்திரைகள். அதிக மருந்து நிரப்பிச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் கிரீடம் போன்ற சின்னங்களைப் பொறிப்பார்கள். லண்டன் முத்திரை வேறு, 1813-ல் உருவான பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை வேறு. இவற்றை வைத்தே ஊரையும் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

மூன்றாவது, வரிசை எண். பெரிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் சில, பழைய பேரேடுகளை இன்றும் வைத்திருக்கின்றன. எண்ணைச் சொன்னால் எந்த ஆண்டு செய்தது, முதலில் வாங்கியவர் யார் என்றுகூடத் தெரியவரலாம். வீட்டில் இருக்கும் பழைய லைசென்ஸ் புத்தகம், தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீது எல்லாமே ஆதாரங்கள்தான்.

வயது தெரிவது உயிர் காக்கும் விஷயமும்கூட. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த பழைய ‘டமாஸ்கஸ்’ குழல்கள் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் இன்றைய தோட்டாவைப் போட்டால், குழலே வெடித்துச் சுடுபவரின் கையைப் பறித்துவிடலாம்.

பழுதானாலும் துப்பாக்கிதான்

‘சுடவே சுடாது, சுவரில் மாட்டத்தானே?’ என்று கேட்கலாம். பழுதான துப்பாக்கியாக இருந்தாலும், சரிசெய்தால் சுடும் என்ற நிலையில் இருந்தால், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு இல்லை. பழுது நீக்கினாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருக்கும் பழங்காலத் துப்பாக்கிக்குத்தான் விலக்கு. அதை வீட்டிலிருப்பவர்கள் தாங்களாக முடிவுசெய்யக் கூடாது.

லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், தாமதிக்காமல் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நீலகிரி போன்ற மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். 2016-ம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் வைத்திருப்பவர் 70 வயதைத் தொட்டாலோ, 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிருடன் இருக்கும்போதே வாரிசைக் குறிப்பிடவும் வழி இருக்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவரிடம் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் இருக்கலாம்.

தேய்த்தால் போச்சு!

மலையின் மூடுபனியும் ஈரமும் இரும்புக்கு எதிரி. ஆனால், துருவைவிட ஆபத்தானது உப்புத்தாள். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் முத்திரையும் வரிசை எண்ணும் அழிந்துவிடும். அதோடு வரலாறு போகும், விலைமதிப்பும் போகும். அடையாள எண்ணை அழிப்பதே சட்டப்படி குற்றம் என்பதால் வழக்கும் வரலாம்.

ஸ்பிரிங் மாற்றுவது, கட்டை ஒட்டுவது எல்லாம் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. பரணில் துப்பாக்கி அகப்பட்டால், உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு, விசையைத் தொடாமல், குழந்தைகளை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதே நல்லது.

முதலில் காகிதம், அடுத்து முத்திரை, கடைசியில்தான் ஸ்பேனர். இந்த வரிசை மாறாமல் இருந்தால், தாத்தாவின் துப்பாக்கி அடுத்த தலைமுறைக்கும் கௌரவமாகப் போய்ச் சேரும்.