குழந்தையின்மை சிகிச்சையும் மருத்துவக் காப்பீடும்

இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் குழந்தையின்மை சிகிச்சைக்கான செலவை ஏற்பதில்லை. பாலிசிகளில் இடம்பெறும் விலக்குகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் பொதுவான எண்ணும் வாசகமும் வகுத்தது. அதில் 17-ஆம் எண் விலக்கு குழந்தையின்மைக்கு உரியது. செயற்கை விந்தூட்டல், ஐ.வி.எஃப்., இக்சி (கருமுட்டைக்குள் விந்தணுவைச் செலுத்தும் முறை), வாடகைத்தாய் முறை, கருத்தடை, கருத்தடையை நீக்கும் அறுவை சிகிச்சை அனைத்தும் அதில் அடக்கம். இந்த விலக்கைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். சேர்த்தால் வாசகத்தை மாற்ற முடியாது, அவ்வளவே. ஆகவே ஐ.வி.எஃப். செலவை ஏற்கும் பாலிசிகளும் சில உண்டு. ஆனால் அவற்றில் நீண்ட காத்திருப்புக் காலமும், காப்பீட்டுத் தொகையைவிடக் குறைவான தனி உச்சவரம்பும் இருப்பது வழக்கம். விளம்பரத்தில் தென்படாத இந்த இரண்டையும் பாலிசி ஆவணத்தில்தான் தேட வேண்டும்.

விந்துப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை, ஸ்கேன் போன்றவை புறநோயாளியாகவே செய்யப்படுவதால் சாதாரண பாலிசியில் அவற்றுக்குப் பணம் கிடைக்காது. பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தாலும் 4-ஆம் எண் விலக்கு குறுக்கே நிற்கும்.

தகராறு பெரும்பாலும் இடைப்பட்ட நோய்களில்தான் எழுகிறது. கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைக் கட்டி ஆகியவை குழந்தை விருப்பம் இல்லாதவருக்கும் சிகிச்சை தேவைப்படும் நோய்கள். உரிய காத்திருப்புக் காலம் முடிந்தபின் இவற்றின் அறுவை சிகிச்சைக்கு கிளைம் கோரலாம். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'குழந்தையின்மை' என்ற சொல் முதல் வரியில் இருந்தால், அதையே காட்டி கிளைம் மறுக்கப்படக்கூடும். கடும் வலியோ அதிக உதிரப்போக்கோ அறுவை சிகிச்சைக்குக் காரணமாக இருந்தால், அது மருத்துவக் குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாத நோயை எழுதித் தரக் கேட்பது மோசடி, பாலிசியே ரத்தாகலாம். முன்பு எடுத்த சிகிச்சையை விண்ணப்பத்தில் மறைப்பதும் அப்படித்தான். கருப்பைக்கு வெளியே கரு தங்குவதற்கான சிகிச்சை, மகப்பேறு செலவுகளை ஒதுக்கும் 18-ஆம் எண் விலக்கில் சேராது.

சட்டத்தில் ஒரு முரணும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, கருமுட்டை தானம் செய்பவருக்கு 12 மாதக் காப்பீட்டைத் தம்பதியரே எடுத்துத் தர வேண்டும். அதே ஆண்டின் வாடகைத்தாய் முறைச் சட்டப்படி வாடகைத்தாய்க்கு இது 36 மாதம். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை.

தனியார் காப்பீட்டுக்கு வெளியேயும் வழிகள் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான சி.ஜி.எச்.எஸ். திட்டம் ஐ.வி.எஃப். செலவை நிபந்தனைகளோடு, சுற்றுக்கு ஓர் உச்சவரம்புக்குள் திருப்பித் தருகிறது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் உள்ளது.

கிளைமை மறுக்கும் நிறுவனம், எந்த விதியின்படி மறுக்கிறது என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும். அந்தக் கடிதத்தோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசிதாரருக்கு நிறைவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே நிலுவையில் உள்ள வழக்கைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்க மாட்டார் என்பதால் இந்த வரிசை முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.