'வேடர்' வாங்கப் போகிறவர்களுக்கு

கோவில்பட்டிச் சீமையில் ஐப்பசி மாதம் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால், அதுவரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல் நிலம் ஒரே இரவில் வேறு ரூபம் எடுத்துவிடுகிறது. வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, நிலம் உப்புகிறது, வைத்த காலை விட மாட்டேன் என்கிறது. மழை நாளில் அந்தப் பக்கத்துச் சம்சாரிகளின் செருப்பு காலில் இராது, கையில் இருக்கும்.

கண்மாய்களுக்கு விருந்தாளிகள் வருவதும் இந்த மழையை ஒட்டித்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, இன்னும் பெயர் சொல்லி மாளாத உள்ளான்கள் எல்லாம் வடதேசங்களிலிருந்து வந்து இறங்குகின்றன. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று 2011-ம் வருஷத்திலிருந்து நடந்து வருகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களில் தொண்டர்கள் இறங்கிப் பறவைகளை எண்ணுகிறார்கள். இதில் சேர்ந்துவிட்ட பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால், "எனக்கு ஒரு ஜோடி வேடர் வேண்டும்" என்று ஒருநாள் கேட்கத்தான் போகிறான்.

வேடர் என்பது ரப்பரினாலோ நீர்புகாத துணியினாலோ ஆன உடுப்பு. தொடை வரையிலும் உண்டு. மார்பு வரையிலும் உண்டு. மேல்நாடுகளில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் குளிர்ந்த நீரில் நிற்பதற்காக இதை அணிகிறார்கள். நாணல் ஓரத்தில் நடந்து இரை தேடும் உள்ளான் இனங்களுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நம் பாஷையிலோ வேடர் என்றால் வேட்டைக்காரர். ஆக, சுடுகிறவர், அவர் உடுப்பு, நீரோரத்துப் பறவை ஆகிய மூன்றும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன! இவற்றில் முதலாமவருக்கு இங்கே இப்போது வேலை இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு வாத்தையும் நாரையையும் வேட்டையாடுவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு போகலாம், துப்பாக்கியோடு அல்ல.

கடைக்குப் போகுமுன் மண்ணைப் பற்றி யோசிப்பது நலம். கரிசலில் மிக நுண்ணிய களிமண் அதிகம். அதன் துகள்கள் மெல்லிய தகடுகளை அடுக்கியது போன்றவை. தகடுகளின் இடையே நீர் புகுந்ததும் மண் பருக்கிறது, பிசின் போல் பற்றுகிறது. ஆற்று மணலில் நடப்பதற்கென்று செய்த காலணி இதில் ஏழடி போவதற்குள் ஏழு சேர் கனத்துவிடும். அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய காலணி மண்ணை அள்ளிக்கொண்டே வரும். அகன்று, ஆழம் குறைந்த வெட்டுகள் உள்ளதே உதறினால் விடும். வழுக்குப் பாறைக்காகக் கம்பளி ஒட்டிய அடிப்பாகம் சில உருப்படிகளில் உண்டு. கரிசலுக்கு அது தண்டம். நியோப்ரீன் என்னும் தடித்த செயற்கை ரப்பர், உடற்சூட்டை உள்ளேயே காப்பதற்காக ஆனது. நம் ஊர் வெயிலில் அதை அணிகிறவன் ஆவியில் வேகும் இட்லி ஆவான்.

மார்பு வரை வரும் உடுப்பைப் பார்த்துப் பையன்கள் மயங்குவது சகஜம். முதல் ஜோடிக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கண்மாய்களில் வண்டலும் கரம்பையும் அள்ளிய குழிகள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியா. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் கழுத்தளவுக்குப் போய்விடலாம். உடுப்புக்குள் நீர் நிறைந்தால் அந்த நீரே ஆளைக் கீழே இழுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, நீருக்குள் இருக்கும் நீருக்குக் கனம் தெரியாது. ஆனால் கரையேற எழுந்தவுடன் அத்தனை கனமும் காலில் தொங்கும். சேறு வேறு பிடித்திருக்கும். எதையும் வாங்கியே தீருவேன் என்கிறவர், இடுப்பில் இறுக்கமான வாரும் சட்டென்று கழலும் தோள்பட்டைக் கொக்கியும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். தனியே இறங்கவும் கூடாது.

இன்னொன்று: நீருக்குள் மனிதன் இறங்கினால் பறவை எழுந்து போய்விடும். எண்ணுகிறவருக்கு வேண்டியது கரையோரச் சேற்றைக் கடப்பதற்கு ஒரு துணைதான். அதற்கு முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸே போதும்.

அதில் வேறொரு லாபமும் உண்டு. கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் கண்ணாடி விரியன் இருக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். கடியில் பெரும்பகுதி காலில்தான். முழங்கால் வரை தடித்த ரப்பர் இருந்தால் அபாயம் வெகுவாகக் குறைகிறது. வயலில் களையெடுக்கும் பெண்களுக்கு இது கிடைக்காமல், படம் எடுக்கப் போகும் நமக்குக் கிடைக்கிறதே என்பது உறுத்தத்தான் செய்கிறது.

அளவு பார்ப்பதில் அவசரம் ஆகாது. பருத்திக் காலுறை இரண்டு போட்டுக்கொண்டு அணிந்து பார்க்கவேண்டும். கடையிலேயே குந்தி எழுந்து பார்க்கட்டும்; பறவை பார்க்கிறவன் பாதி நேரம் குந்தித்தான் இருப்பான். குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடினால், முதல் சேற்றிலேயே கால் வெளியே வந்து காலணி உள்ளே தங்கிவிடும். புதைந்த காலை நேரே பிடுங்கக் கூடாது. குதிகாலை முதலில் தூக்கி, காற்று புக விட்டு, பிறகு விரலை எடுக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் சேறு காயுமுன் கழுவி, நிழலில் கவிழ்த்து வைக்கலாம். வெயில் ரப்பரைக் கெடுத்துவிடும். மறுநாள் அணியுமுன் ஒரு தட்டுத் தட்டி உதறவும். தேளுக்கு அது நல்ல அறை. சீமைக் கருவேல முள் ஏறிவிட்டதா என்று அறிய, இருட்டறையில் உள்ளே டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தால் ஓட்டை பளிச்சென்று தெரியும். தெரிந்தால் புது ஜோடிக்கு ஓட வேண்டியதில்லை; தெருமுனையில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவர், ரப்பர் காலணிக்கும் போட்டுக் கொடுப்பார்.